நாற்பத்தோராம் எண் பல்

என் துப்பறியும் வாழ்க்கையில் தோற்ற வழக்குகள் உண்டு. வெட்கப்பட்ட வழக்கு இது ஒன்றுதான். இதில் நான் குற்றவாளியைச் சரியாகவே பிடித்தேன் என்பது கூடுதல் வெட்கம்.

மாயவரத்திலிருந்து ஒப்பந்தத்தில் ஃபிஜித் தீவின் லவுட்டோகாவுக்கு வந்த சயன்ஸ் வாத்தியார் நான். பெயர் பஞ்சாபகேசன். காணாமல் போன இரண்டு நாய்களையும் ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்துக் கொடுத்ததில் 'துப்பறியும் வாத்தியார்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. என் உதவியாளர் மோகினி, பள்ளி லேபில் அட்டெண்டர். நாற்பத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவர். கோவில் திருவிழாவில் கற்ற தமிழும் யாரிடமும் கற்காத வாயும் அவருடைய சொத்து.

1988 ஆகஸ்டு, பள்ளி விடுமுறை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் பக்கத்து ஊரான சவேனியில் அப்பல்சாமியின் வீட்டு வராந்தாவில், ஒரு கண்ணாடி அலமாரியின் முன் நின்றிருந்தோம். உள்ளே சுறாப் பற்களும் கல்லாகிப் போன சிப்பிகளும் ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டு வரிசையாக இருந்தன. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் பஞ்சு மட்டும் இருந்தது.

"நேத்து ராத்திரி பாத்தேன், இருந்தது. காலைல இல்ல," என்றான் விரேந்திரா.

அப்பல்சாமியின் ஒரே மகன் விரேந்திரா. சுவாவில் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். சனிக்கிழமை நாந்தியிலிருந்து விமானம், வான்கூவருக்குக் குடியேற்றம். அவன் என்னிடம் பேசுவது இங்கிலீஷில். அப்பாவிடம் பேசுவது ஃபிஜி ஹிந்தியில். தமிழில் அவனுக்கு 'சாப்பாடு', 'சாமி', இன்னும் இரண்டு வசவுகள் தெரியும்.

"வான்கூவர் மியூசியத்துக்குக் கடிதம் போட்டாச்சு சார். உங்க சர்ட்டிபிகேட்டையும் சேத்து அனுப்பியிருக்கேன். எடுத்தது அபெனிசாதான். போன சனிக்கிழமை வந்து பல்லைப் பாக்கணும்னு நின்னான். கேட்டுக்குள்ளயே விடல. ஒரு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன் போறேன். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சா உங்க சாமர்த்தியம்."

அபெனிசா ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்; காய்வீத்தி, அதாவது இந்தத் தீவின் பூர்வகுடி. கரும்பு ரயில் ஓட்டுபவர். அப்பல்சாமி லீஸுக்கு உழும் நிலம் அவருடைய குலத்தாருக்குச் சொந்தம்.

வராந்தா மூலையில் அப்பல்சாமி கரும்புக் கத்திக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். 'அபெனிசா' என்ற பெயர் காதில் விழுந்ததும் அரம் நின்றது.

"அவன் எடுக்க மாட்டான் வாத்தியாரே," என்றார் தமிழில்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன், அவ்ளோதான்."

அரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் வான்கூவர் போகவில்லை. அறுபத்தேழு வயதில் குளிர் நாட்டுக்குப் போய் என்னத்தைக் கிழிப்பது என்று மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவான். அந்தப் புகாரோடு, அபெனிசாவின் நிலத்தில், அபெனிசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழப் போவது கிழவர்தான். அதனால் ஒரு மணிக்குள் இந்த வழக்கை முடித்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். என் பெயரும் இதில் இருந்தது என்பதை மறைப்பானேன்.

பல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சவேனியில் 'கல் சங்கம்' என்று ஒன்று உண்டு. மருந்துக்கடைக்காரர் ஒருவர், மில் கிளார்க்குகள் இரண்டு பேர், விரேந்திரா, நான். ஓடைக்கரையில் சாம்பல் நிற மென்பாறை இருக்கிறது. மழை பெய்து அது கரையும்போது சுறாப் பல்லும் சிப்பியும் வெளியே வரும். மற்றவர்கள் பொறுக்குவார்கள். இன்னதென்று சொல்வது நான். நான் சொன்னால் அது பல லட்சம் வருஷத்துப் பல்; நான் தூக்கிப் போட்டால் வெறும் கூழாங்கல். அந்த அதிகாரம் தலைக்கேறாமல் இருக்க நான் ஒன்றும் முனிவனில்லை.

போன டிசம்பரில் விரேந்திரா இந்தப் பல்லைக் கொண்டு வந்தான். ஓடையில் அப்பாவுக்குக் கிடைத்ததாம். கையகல நீளம், தேன் நிறம், லேசான வளைவு, பளபளப்பு. சங்கத்தார் முன்னிலையில் நான் அதைத் தூக்கிப் பிடித்து, "திமிங்கிலத்தின் பல். கல்லாகிவிட்டது. வயது ஐம்பது லட்சம் வருஷம்," என்றேன். கைதட்டினார்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை இருந்தது. அது கடல் சிப்பி துளைத்த ஓட்டை என்று விளக்கினேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா போட்டிருக்குதே சார். சிப்பி இன்னா, தச்சு வேலை படிச்சதா?" என்று மோகினி அன்றைக்கே கேட்டார். லேபில் போய்க் குடுவை கழுவச் சொன்னேன்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அடிப்பக்கத்தில் ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்தும் எடுத்தேன். அந்தத் துண்டு எட்டு மாதமாக ஒரு தீப்பெட்டிக்குள் என் சட்டைப்பையில் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். நான் பல்லோடு நிற்கும் போட்டோ போன வாரம் பேப்பரில்கூட வந்தது.

இப்போது அலமாரியைச் சோதித்தேன். பூட்டில் கீறல் இல்லை. பஞ்சில் பல்லின் வடிவத்தில் ஒரு கறை. முகர்ந்தேன்.

"தேங்காய் எண்ணெய்," என்றேன். "மோகினி, காய்வீத்திகள் உடம்புக்கு என்ன பூசுவார்கள்?"

"தேங்கா எண்ணெ."

"அவ்வளவுதான். எண்ணெய்க் கையோடு யாரோ எடுத்திருக்கிறார்கள்."

"உங்க தலையில ஒரு கிளாஸ் எண்ணெ வழியுதே சார். உங்களையும் புடிச்சுக் குடுத்துடலாமா?"

விரேந்திராவுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று. மோகினி குனிந்து அலமாரியின் காலைக் காட்டினார். எறும்பு வரிசை ஒன்று மேலே ஏறி நேராக அந்தப் பஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கல்லைத் தின்னுற எறும்பு, இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

"யாராவது பிஸ்கட் தின்றிருப்பார்கள். வாருங்கள், அபெனிசா வீட்டுக்குப் போவோம்."

ஓடையில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கும்போது மோகினி, "கடையில ஒரு கட்டு நங்கோனா வாங்கிக்கலாம் சார். இவங்க வூட்டுக்கு வெறுங்கையா போகக்கூடாது," என்றார். நங்கோனா என்பது இங்கே கரைத்துக் குடிக்கும் வேர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அதை வைத்துவிட்டுத்தான் பேச்சு.

"விசாரணைக்குப் போகிறோம். விருந்துக்கா போகிறோம்?" என்றேன்.

அபெனிசா வீட்டில் இருந்தார். பனைமரம் மாதிரி ஆள், நரைத்த தலை. என்னைப் பார்த்ததும், "வாங்கோ," என்றார். சின்ன வயதிலிருந்து அப்பல்சாமியோடு திரிந்ததில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை. நான் விறுவிறுவென்று உள்ளே போய், வாசலுக்கு எதிரே, அறையின் மேல் கோடியில் விரித்திருந்த நல்ல பாயில் உட்கார்ந்தேன். அது அந்த வீட்டில் மூப்பனோ பாதிரியாரோ உட்காரும் இடம் என்று பிறகு தெரிந்தது. மோகினி கதவோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

கையகல நீளம். தேன் நிறம். லேசான வளைவு. எண்ணெய் பூசிப் பூசி ஏறிய பளபளப்பு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை. ஓட்டைகளில் தேங்காய் நார்க் கயிறு கோத்திருந்தது.

எங்கள் பல்தானோ என்று ஒரு கணம் நினைத்தேன். அறுத்த அடையாளம் இல்லை. இது வேறு.

"மோகினி," என்றேன். "அது என்ன?"

"தம்புவா சார். திமிங்கிலப் பல்லு. இவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. பொண்ணு கேக்க, சாவுக்கு, பெரிய தப்புக்கு மன்னாப்பு கேக்க, அதைத்தான் ரெண்டு கையில ஏந்தி மண்டி போட்டுக் குடுப்பாங்க. வாங்கிட்டா அந்தச் சங்கதி அதோட முடிஞ்சுது. அப்புறம் பேசக்கூடாது." அவர் கயிற்றைக் கையால் காட்டினார். "கயிறு இல்லாம இருந்துதா, எனக்கும் ரோசனை போவல சார். ஓட்டையைப் பாத்தும் போவல."

மூன்று வருஷம் இந்த மண்ணில் சம்பளம் வாங்கியவன் நான். கல்யாண வீட்டிலும் மந்திரி வந்த மேடையிலும் தூரத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். கயிற்றோடு பார்த்ததைக் கயிறில்லாமல் அடையாளம் தெரியவில்லை. சட்டைப்பையில் தீப்பெட்டி கனத்தது.

அபெனிசா ஹிந்தியில் என்னவோ சொன்னார். மோகினி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை.

"விரேந்திரா வூட்டுல பல்லு காணோம்னு சேதி வந்துடுச்சாம். இவருதான் எடுத்தாராம். போலீஸுல அப்டியே சொல்லிடுங்கோன்றார்."

துப்பறிபவனுக்குக் காதில் தேன் பாய வேண்டிய வாக்கியம். எனக்கு இனிக்கவில்லை. இத்தனை சுலபமாக யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"எப்படி எடுத்தாராம், கேளுங்கள்."

"பூட்டை ஒடைச்சாராம்."

நானும் மோகினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூட்டில் கீறல்கூட இல்லை.

"எடுத்த பல் எங்கே?"

"கடல்ல போட்டுட்டாராம்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் ஓடைக்கு அந்தப் பக்கம், அப்பல்சாமியின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். நான் எழுந்தேன். அப்போது அவர், பஸ்ஸில் ஊரே பார்த்திருந்த என் சட்டைப்பையைக் காட்டி மெதுவாக ஒன்று கேட்டார். மோகினி அதைச் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்கள்."

"பேப்பர் போட்டோவுல அடிப்பக்கம் கொஞ்சம் கொறையுதே, அந்தத் துண்டு பத்திரமா இருக்குதான்னு கேக்குறார் சார். அது அவங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பல்லாம்."

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஓடை நடுவில் மோகினி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஆரம்பித்தேன்.

"பூட்டை உடைக்கவில்லை. சாவியால் திறந்திருக்கிறார்கள்."

"சாவி ரெண்டு. ஒண்ணு விரேந்திராகிட்ட. இன்னொண்ணு பெரியவர் அரணாக் கயித்துல."

"மற்ற நாற்பதிலும் ஓடைச் சேறு ஒட்டியிருக்கிறது. இதில் ஒரு துளிகூட இல்லை. தண்ணீர் அலசிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஞ்சில் இருந்த கறையும் ஒருநாள் கறையில்லை. நடுவில் பழைய மஞ்சள், ஓரத்தில் புது ஈரம். மாசாமாசம் யாரோ அலமாரியைத் திறந்து அதற்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். கல்லுக்கு எதற்கு எண்ணெய்?"

"எறும்புக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது சார்," என்றார் மோகினி. "அதுக்கு சர்ட்டிபிகேட் குடுத்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி.

மணி பன்னிரண்டேகால். விரேந்திரா உள்ளே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் அப்பல்சாமியின் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பெரியவரே, அபெனிசா தான்தான் எடுத்தேன் என்கிறார். ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கிறார்."

அரம் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், முருகன் படத்தின் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பல் இருந்தது. நார்க் கயிறும் மறுபடி கோத்திருந்தது.

"போன வருசம் மிலிட்டரி ஆட்சியைப் புடிச்சப்போ, ஜூன் மாசம், என் கரும்புக் கேத்துல, வயலு முழுக்க, நெருப்பு வெச்சாங்க வாத்தியாரே. வெச்சவன் அபெனிசா தங்கச்சி மவன். மறுநாள் அபெனிசா இதை ஏந்திக்கிட்டு வந்தான். இதோ, இந்த இடத்துல மண்டி போட்டான். நான் வாங்கிக்கிட்டேன்."

"மகனிடம் ஏன் சொல்லவில்லை?"

"எப்டி சொல்றது? சுவாவுல அவனை இந்தியன்னு ரோட்டுல போட்டு அடிச்சிருக்கானுங்க. டிசம்பர்ல வந்தான். ஒடம்பெல்லாம் கோவம். ஒருத்தனையும் வுடக்கூடாதுன்றான். நான் மன்னிச்சுட்டேன்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. கயித்தை அவுத்துட்டு சாமிகிட்ட வெச்சிருந்தேன். பாத்துட்டான். இன்னா இதுன்னான். ஓடையில கெடைச்சுதுன்னுட்டேன். கல்லுன்னு தூக்கிப் போட்டுடுவான்னு நெனச்சேன்." அவர் என்னைப் பார்த்தார். "நீங்க அஞ்சு மில்லியன்னுட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரம்பம் போட்டீங்களே, அன்னிக்கு நான் கொல்லையில நின்னேன். சத்தம் கேட்டுது. படிச்சவர் அறுக்குறாரு, நான் இன்னா சொல்றது? இதை ஏரோப்ளேன்ல ஏத்தக்கூடாதுன்னுதான் நேத்து எடுத்து வெச்சேன். அவன் சனிக்கெழமை போயிடுவான். அதுவரைக்கும் சொல்லாதீங்கோ."

நிமிர்ந்தபோது விரேந்திரா வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரிந்திருக்காது. அவன் என் மடியில் இருந்த பல்லைப் பார்த்தான், கயிற்றைப் பார்க்கவில்லை.

"கிடைச்சிடுச்சா? அவன்தானே?" என்றான். "அப்பா என்ன சொல்றார்?"

கிழவரின் கண்கள் என்னைக் கெஞ்சின. ரகசியத்தைக் காப்பாற்றினால் அபெனிசா திருடன். அபெனிசாவைக் காப்பாற்றினால் கிழவர் மகன் முன்னால் தலைகுனிய வேண்டும். மோகினி என் காதருகே சொன்னார்: "அவர் சங்கதியை அவர் சொல்லிக்கட்டும் சார். நீங்க உங்களுதைச் சொல்லுங்க."

"விரேந்திரா," என்றேன். "நான் கொடுத்த சர்ட்டிபிகேட் தப்பு. இது கல்லாகவில்லை. ஐம்பது லட்சம் வருஷமும் இல்லை. ஓட்டையைச் சிப்பி போடவில்லை. ஒருவருடைய தாய்வழிச் சொத்தை நான் ரம்பத்தால் அறுத்துவிட்டேன். இது தம்புவா."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவனுக்கு மிச்சத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தம்புவா இருந்தால் யாரோ கொடுத்திருக்கிறார்கள், அந்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவைப் பார்த்து ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்த ஹிந்தி எனக்கே புரிந்தது: எப்போது?

"ஜூன்," என்றார் அப்பல்சாமி.

விரேந்திரா படியிலேயே உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தோம். அவன் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இங்கிலீஷில் சொன்னான்: "போன சனிக்கிழமை அந்த இடத்துல நிக்க வெச்சு நாயேன்னு திட்டினேன் சார். அவர் ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போனார்."

மணி ஒன்று அடித்தது. யாரும் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிப் பேசவில்லை.

அலமாரியில் இருந்த சங்கத்தின் பதிவேட்டை எடுத்து நாற்பத்தோராம் எண்ணை அடித்தேன். பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு எழுந்தேன்.

"போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் மோகினி. இவ்வளவு பெரிய தப்புக்கு என்ன கொண்டுபோவது வழக்கம்?"

"தம்புவா சார்."

"நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான்."

"அது அவர் குடுத்தது. அவர்கிட்டயே நீட்டினா, உன் மன்னாப்பு எனக்கு வேணாம்னு பெரியவர் திருப்பி வீசுற மாதிரி ஆயிடும்."

"நங்கோனாவாவது வாங்கலாம்."

"கடை ஒரு மணிக்கு மூடிட்டான்."

விரேந்திரா எழுந்து என்னோடு நடந்தான். ஓடையைத் தாண்டினோம். காலையில் திமிரில் வெறுங்கையோடு வந்தேன். இப்போது கொண்டுவர எதுவும் மிஞ்சாமல் வெறுங்கையோடு வந்தேன். சட்டைப்பையில் தீப்பெட்டி மட்டும் இருந்தது.

அபெனிசா வாசலில் எங்களைப் பார்த்தார். என் பின்னால் நின்ற விரேந்திராவையும் பார்த்தார். "வாங்கோ," என்று சொல்லி, மேல் கோடியில் இருந்த நல்ல பாயைக் கையால் காட்டினார்.

நாங்கள் இருவரும் கதவோரமே உட்கார்ந்தோம்.